மாலையில் திறந்திருக்கும் கதவு

சனசமூக நிலையம் என்பது, யாழ்ப்பாணத்து ஊரவர் தமக்குள் நிருவாக சபையொன்றைத் தெரிவுசெய்து, வாசிகசாலையையும் விளையாட்டையும் பல இடங்களில் முன்பள்ளியையும் சேர்த்து நடத்தும் பொது அமைப்பாகும். தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கில், 1990 ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்வு வீடுகளோடு, பிள்ளைகள் மாலையில் கூடிய இந்நிலையங்களின் முற்றங்களையும் பறித்தது. 2009 இல் போர் ஓய்ந்தபின், படையினர் வசமிருந்த காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இத்தகைய இடத்தின் தேவை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று; பிரேசிலின் ஃபவேலாக்களில், அதாவது நகர்ப்புற வறிய குடியிருப்புகளில், அயலவர் நடத்தும் சிறுவர் நிலையங்களும், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்ற இதே தேவையையே நிறைவேற்றுகின்றன. இத்தகைய நிலையத்துக்குக் கட்டடம் எழுப்புவது எளிது. நாள்தோறும் கதவைத் திறந்து, பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒருவரை நிலைநிறுத்துவதே கடினம். ஆகவே, புலம்பெயர்ந்த உறவுகள் கட்டட நிதிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை முன்பள்ளி ஆசிரியையின் மாதாந்தக் கொடுப்பனவுக்கு ஒதுக்குதல் வேண்டும்.