படம் சொல்வதும் உடம்பு சொல்வதும்

வலி பிறர் கண்ணுக்குப் புலனாகாதது. காய்ச்சலைக் கருவியால் அளக்கலாம். காயத்தைக் கண்ணால் காணலாம். வலியையோ, அதை உடையவர் சொல்லித்தான் மற்றவர் அறிய வேண்டும். அச்சொல்லை நாம் எந்த அளவுக்கு நம்புகிறோம் என்பது ஓர் அறவினா. மூட்டு நோய்க்கு எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது பெருகிவிட்ட இந்நாளில், இவ்வினா இல்லந்தோறும் எழுகின்றது. "படத்தில் பெரிதாக ஒன்றுமில்லையாமே, இன்னும் ஏன் வலிக்கிறது என்கிறீர்கள்?" என்று பெற்றோரைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. படத்தில் தேய்வு இருப்பதாக அறிந்த நாள் முதல், அதுவரை நன்றாக நடந்தவர் நடக்கவே அஞ்சுவதும் உண்டு. படத்தையே வலியாகக் கொள்வதால் விளைவனவே இவ்விரண்டும்.

முதலில் இக்கருவி எதைக் காட்டுகிறது என்று அறிவோம். 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே, எலும்பைத் தெளிவாகக் காட்டும். எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பைக் காட்டாது. இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறைந்திருப்பதைக் கொண்டு, குருத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று மருத்துவர் உய்த்துணர வேண்டும். 1973இல் பால் லாட்டர்பர் என்னும் அமெரிக்க வேதியியலார் காந்தப் புலத்தைக் கொண்டு படம் எடுக்கும் வழியை வெளியிட்டார். அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், பூமியின் காந்தப் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய காந்தத்துக்குள் ஓர் ஒழுங்கு பெறுகின்றன. ரேடியோ அலைகள் அவற்றைத் தூண்டுகின்றன. அவை திருப்பித் தரும் சைகைகளைக் கணிப்பொறி படமாக்குகிறது. குருத்தெலும்பு, மூட்டுச் சவ்வின் வீக்கம், எலும்பின் உள்ளே கோத்த நீர் ஆகிய யாவும் அதில் தெரிகின்றன. எக்ஸ்ரே கதிர்களின் தீங்கும் இல்லை.

இதனால் விளைந்த நன்மை பெரிது. முடக்குவாதத்தின் தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் குறையற்றதாகவே தோன்றக்கூடும். காலையில் விரல்களை மடக்க இயலாது வருந்தும் பெண்ணை, "வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள்" என்று வீட்டார் எள்ளுவதற்கு அதுவே இடமாகும். எலும்பு அரிக்கப்படுவதற்கு முன்பே அதனுள் தோன்றும் நீர்க்கோவையை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். அங்கே படம், நம்பப்படாத ஒருத்தியின் சார்பில் சாட்சி சொல்கிறது.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில், 50 வயதைக் கடந்தோரின் முழங்கால்களை ஆராய்ந்தனர். 2008இல் வெளியான ஆய்வில் 991 பேர் இடம்பெற்றனர். முழங்காலுக்குள் மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருந்தவர்களுள் 61 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ உணரவில்லை. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்வின் அடையாளமே இல்லாத 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தனர். அவர்களுள் 89 விழுக்காட்டினரின் படத்தில் ஏதேனும் ஒரு மாறுதல் இருந்தது. வலி உள்ள கால்களில் மட்டுமன்றி, வலியற்ற கால்களிலும் அவை மிகுதியாகவே காணப்பட்டன. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்பதை எண்ணினால் இது வியப்பன்று. அது தேய்வது தானே வலிப்பதில்லை; சூழ்ந்துள்ள சவ்வும் எலும்பும் பாதிக்கப்படும்போதே வலி பிறக்கிறது.

அப்படியானால் படத்தில் கண்டதற்கெல்லாம் மருந்து தரலாமா? டென்மார்க் நாட்டில் இவ்வினாவை முறையாகவே சோதித்தனர். முடக்குவாதம் தணிந்து நலமாயிருந்த 200 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான பரிசோதனையைக் கொண்டே மருத்துவம் செய்தனர். மற்றப் பிரிவினர்க்கு எம்.ஆர்.ஐ. படத்தில் நீர்க்கோவை தெரிந்தால் மருந்தைக் கூட்டினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நோய் தணிந்திருந்தோர், படத்தைப் பின்பற்றிய பிரிவில் 85 விழுக்காடு. மற்றதில் 88 விழுக்காடு. எலும்புச் சேதத்தைத் தடுப்பதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சில துணை அளவுகளில் மட்டும் சிறிது நன்மை தெரிந்தது. ஆனால் கடுமையான தீய விளைவுகள் படத்தைப் பின்பற்றிய பிரிவினர்க்கே மிகுதியாக நேர்ந்தன. 2019இல் வெளியான இம்முடிவு நம் சிந்தனைக்கு உரியது. மருத்துவம் நோயாளிக்கா, படத்துக்கா?

"மனிதர் மிகைப்படுத்துவர், மறைப்பர், படம் நடுநிலையானதன்றோ?" என்று சிலர் வினவலாம். படம் பொய் சொல்லாது என்பது மெய்யே. ஆனால் அது தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கே விடை தருகிறது. மூட்டு எவ்வாறு இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். இவர் எவ்வாறு இருக்கிறார் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தேர்வுத்தாள் மாணவன் எழுதியதைக் காட்டும். இரவெல்லாம் தாய்க்குப் பணிவிடை செய்துவிட்டு வந்து அவன் எழுதினான் என்பதைக் காட்டுமா? ஆசிரியர் தாளையும் திருத்த வேண்டும். பிள்ளையையும் விசாரிக்க வேண்டும்.

ஆகவே இரு சாட்சிகளையும் கேட்பதே நேர்மை. வலி உண்டென்பவரைப் படத்தைக் காட்டி வாயடைப்பது கொடுமை. வலியில்லாதவரைப் படத்தைக் காட்டி நோயாளியாக்குவதும் கொடுமையே. ஸ்கேன் உறையைப் பிரிக்குமுன், வீட்டுப் பெரியவரிடம் அருகமர்ந்து கேளுங்கள்: எங்கே வலிக்கிறது? எந்த நேரத்தில் மிகுகிறது? முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாதென்று வலியை விழுங்கிக்கொள்ளும் முதியோர் பலர். அவர்கள் வாய் திறந்து சொல்லும் சொல், எந்தக் காந்தமும் காட்ட இயலாததைக் காட்டும். அதை மருத்துவரிடம் படத்தோடு சேர்த்துக் கொண்டு செல்வது நம் கடமை.