மடிப்புக்குள் மறையும் குறை

பட்டுப்புடவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அது எதையும் மறைக்காது. ஊடை இழை விட்ட இடம் மெல்லிய கோடாகத் தெரியும்; சாயம் சீராக ஏறாத இடம் திட்டாகத் தெரியும். அதையே மடித்து, முந்தியை மேலே எடுத்து வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆரணியில் தறியோடு வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டும் நன்றாகத் தெரியும்.

அப்படி மடித்த புடவையைக் குறையில்லாததன் விலைக்கு விற்பவர் வாயால் பொய் எதுவும் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இது பொய்யில் சேருமா?

கேள்வி பழையது. கி.மு. 44இல் ரோமாபுரி அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றிய தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். உரிமையாளருக்கு மட்டுமே குறை தெரிந்த ஒரு வீடு விலைக்கு வருகிறது. சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்றார் தத்துவ அறிஞர் டயோஜெனிஸ். தெரிந்த அனைத்தையும் சொல்லியாக வேண்டும் என்றார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதாக நபிமொழி உண்டு. வள்ளுவர் வாணிகத்தின் இலக்கணத்தை வைத்ததே நடுவுநிலைமை அதிகாரத்தில்தான்.

ஆரணியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனம் சேர்கிறது.

நெய்த புடவையை, நெய்யக் கொடுத்த வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதை விரித்துப் பார்ப்பார்கள். இழை விட்டிருந்தால் நெசவாளியின் கூலியில் பிடித்தம் விழும். அதாவது, குறை ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதற்கான பணத்தையும் ஒருவர் இழந்துவிட்டார். அதே குறை அந்த வியாபாரியின் கடையில் மடிப்புக்குள் போய்விட்டால், நெசவாளியிடம் ஒருமுறையும் வாங்குபவரிடம் ஒருமுறையுமாக ஒரே இழைக்கு இரண்டுமுறை காசு பார்க்கப்படுகிறது. தெரியாமல் விற்றேன் என்று சொல்லவும் அங்கே வழியில்லை.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை, இழை தூய பட்டு என்பதற்கு உறுதி தருகிறது. நெசவில் விட்ட இழையைப் பற்றி அது பேசாது. பழைய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்; தரத்தைப் பொய்யாகச் சொல்வதும் அதில் அடங்கும். ஆனால் முத்திரைக்கும் சட்டத்துக்கும் முன்னால், குறை தெரிந்த ஒரு மனிதர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் திறக்காமல் இருப்பதும் பொய்தான்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறவர்கள் முந்தியோடு நின்றுவிட வேண்டாம். புடவை முழுவதையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். குறை இருந்தால் விலையைக் குறைத்து, குறையை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.