பழைய மெஷினுக்கு ஒரு நியாய விலை

புதுப் பொருளில் விலை ஒட்டியே வருகிறது. பழைய பொருளின் விலை, இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசிய பிறகுதான் பிறக்கிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கைமாறுகிற பழைய சாமான்களில் தையல் மெஷினுக்குத் தனி இடம் உண்டு. அலுமாரி, கட்டில், டிவி எல்லாம் வீட்டில் இருக்கிற பொருள்கள். மெஷின் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற பொருள். அரசாங்கம் ஆண்டுதோறும் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. தையல் கூலியைக் கொடுப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் மெஷின் வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தக் கூலிதான் கொழுந்துச் சம்பளத்துக்கு மேலே வருகிற காசு. அப்படிப்பட்ட மெஷினை ஒருவர் விற்க வருகிறார் என்றால், அவர் விற்பது இரும்பையும் மரத்தையும் மட்டும் இல்லை என்பதை வாங்குகிறவர் முதலில் உணர வேண்டும்.

தையல் மெஷினோடு சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருக்க, தேயிலை மெல்லத் தலையெடுத்த காலம் அது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் அந்த நிறுவனத்தின் பெரிய ஆலை 1885இல் திறந்து 1980இல் மூடப்பட்டது. ஆலை போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அங்கே வார்த்த கறுப்பு மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடம்பில் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் பார்த்து, அது எந்த ஆலையில் எந்தக் காலத்தில் பிறந்தது என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

பழைய மெஷினைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. நூல் கோக்காமல் கைச்சக்கரத்தை முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும். எந்த இடத்திலும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்றினால் உள்ளே தேய்மானம் குறைவு. கீழே தகட்டை நகர்த்தி, துணியை இழுக்கிற பற்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மழுங்கியிருந்தால் தடித்த துணி நகராது. பாபின் கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். அதில் கீறல் இருந்தால் நூல் அடிக்கடி அறும். மலைநாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பனியும் மழையும் ஓயாத இடத்தில் மேசைப் பலகை ஊதிப் பிளந்திருக்கும், ஊசித்தண்டில் துரு ஏறியிருக்கும். கடைசியாக ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்துத் தைத்து, மேல்தையலும் அடித்தையலும் ஒரே மாதிரி விழுகிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

மெஷினைப் பற்றித்தான் தெரியும். விலை அதற்குள் இல்லை.

விலையைக் கண்டுபிடிக்க மூன்று வழி சொல்வார்கள். புது மெஷினின் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பது ஒன்று. மெஷின் இனி எவ்வளவு உழைத்துத் தரும் என்று பார்ப்பது இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்தில் இதே மாதிரி மெஷின் என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்பது மூன்றாவது. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும் அநியாயமான விலைக்கு வாங்கிவிட முடியும். எப்படி என்றால், இப்படி:

“என்ன விலை சொல்றீங்க அக்கா?”

“நீங்களே பாத்துக் குடுங்க தம்பி.”

விற்க வந்தவர் விலை சொல்லவில்லை. மெஷினின் அருமை அவருக்குத் தெரியாததால் இல்லை. பத்து வருடமாக அதில் தைத்தவருக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும். விலையைச் சொல்லி, வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் நாளைக்குக் கட்ட வேண்டிய காசுக்கு என்ன செய்வது என்ற பயம்தான் அவர் வாயை அடைக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவோ, அடகு மீட்கிற தவணையோ, மகளின் படிப்போ பின்னால் நிற்கிறது. இந்த நேரத்தில் வாங்குகிறவர் சொல்லும் முதல் எண்ணிலேயே வியாபாரம் முடிந்துவிடும். பேரம் நடந்த மாதிரி இருக்கும், நடந்திருக்காது. பேரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேருக்கும் “வேண்டாம்” என்று சொல்லித் திரும்பிப் போகிற வழி இருக்க வேண்டும். விற்க வந்தவர் மெஷினைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் நிற்கும்போது, அங்கே பேசுவது ஒருவர்தான்.

மலையகத்தின் வரலாறு இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்க்க. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். போகிற குடும்பம் கொண்டுபோகக்கூடிய பணத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக்கூடாது என்ற வாசகமும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் லயத்துக் காம்பராவில் இருந்த பொருளை எந்த விலைக்கு விற்றுக் காசாக்குவது என்பதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பயண நாள் குறித்த கடிதம் கையில் வந்த பிறகு ஒரு குடும்பத்தின் சாமானுக்கு என்ன விலை இருக்கும்? பசுவும் கோழியும் அம்மியும் கட்டிலும் அப்படியேதான் இருந்தன. கறக்கிற பாலின் அளவு குறையவில்லை. ஆனால் விற்பவருக்குத் தவணை முடிகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். கோச்சி தலைமன்னாருக்குப் போகிற நாள் தெரிந்த ஒருவருக்கு, காத்திருப்பதே லாபம். கடைசி நாளில் கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிர விற்பவருக்கு வேறு வழியில்லை. கப்பலில் ஏற்ற முடியாததைப் பக்கத்துக் காம்பராவுக்குச் சும்மா கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பொருள் மாறாமல் விலை மட்டும் சரிகிறது என்றால், சரிந்த அந்தப் பங்கு எங்கே போனது? ஒருவரின் துரத்தப்பட்ட நிலைமை இன்னொருவரின் பைக்குள் காசாக மாறியது.

அதற்கும் முந்திய தலைமுறையில் மனிதருக்கே விலை இருந்தது. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கிற துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கங்காணியும் இரண்டு துரைமாரும் பேசி முடித்த அந்த விலையில், யாருடைய உடம்பு கைமாறியதோ அவருக்குப் பேச்சே இல்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதில் பிழை தொகை அதிகமா, குறைவா என்பதில் இல்லை. அந்தப் பேரத்தில் நிற்க வேண்டியவர் நிற்கவில்லை என்பதுதான் அதன் அநியாயம். எந்தத் தொகையைப் போட்டிருந்தாலும் அது நியாயமாகியிருக்காது.

நியாய விலை எது என்ற கேள்வியை உலகம் வெகுகாலமாகக் கேட்டுவருகிறது. பெறுமதியில் பாதிக்கும் குறைவாக நிலத்தை விற்றுவிட்டவர் அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்று பழைய ரோமச் சட்டம் வழிவிட்டது. ரோமன்-டச்சுச் சட்டத்தோடு அந்தக் கொள்கை இலங்கைக்கும் வந்தது. சட்டத்தின் எல்லை பாதி விலை, அதுவும் பெரும்பாலும் நிலத்துக்கு. சொந்த நிலமே இல்லாத லயத்துக்காரருக்கு அது எட்டாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் என்ற கிறிஸ்தவ ஞானி இன்னும் ஆழமாகப் போனார். வாங்குகிறவருக்கு ஒரு பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காக விற்பவர் விலையை ஏற்றக்கூடாது. அந்தத் தேவை வாங்குகிறவருடையது, தன்னுடையது அல்லாததை எவரும் விற்க முடியாது என்பது அவர் வாதம். இதைத் திருப்பிப் போட்டால் மலையகத்துக்குச் சரியாகப் பொருந்தும். விற்பவரின் நெருக்கடி விற்பவருடையது. அதை அவர் விலைக்கு வைக்கவில்லை. மெஷினோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போக வாங்குகிறவருக்கு உரிமை இல்லை. வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தன் குறளைப் பொருள் தேடும் அதிகாரத்தில் வைக்காமல் நடுவு நிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்கிறார். தன் பொருளாக இருந்தால் நாம் என்ன விலை கேட்போமோ, அதுவே அளவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வாங்குகிறவரும் ஏழைதானே? புது மெஷின் வாங்க முடிந்தவர் பழையதைத் தேடி வருவாரா? உண்மை. பழைய சாமான் கடைக்காரருக்கும் குடும்பம் இருக்கிறது; அவர் பாபின் கூடு மாற்ற வேண்டும், பெல்ட் போட வேண்டும், கடை வாடகை கட்ட வேண்டும், மெஷின் விற்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த உழைப்புக்கும் காத்திருப்புக்கும் லாபம் வைப்பது முறை. பேரம் பேசுவதும் தவறில்லை. பல் மழுங்கியிருக்கிறது, பலகை பிளந்திருக்கிறது என்று காட்டிக் குறைத்துக் கேட்பது நேர்மையான பேச்சு. விற்பவரும் பழுதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவர். பொருளின் குறைக்காக விலையைக் குறைக்கலாம். ஆளின் குறைக்காகக் குறைக்கக்கூடாது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் தையல் மெஷினோடு நிற்க முடியாது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. அங்கே தேயிலையைத் தரகர்கள் சுவைத்து மதிப்பிடுகிறார்கள். கேட்கிற விலை மதிப்புக்கு எட்டாவிட்டால் அந்தத் தொகுதியை விற்காமல் மீட்டுக்கொண்டு இன்னொரு ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். தேயிலை “மாட்டேன்” என்று சொல்லலாம். அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம். அதைப் பறித்த கை காத்திருக்க முடியாது. இன்றைக்குப் பேர், அதாவது நாள் வரவு, விழாவிட்டால் இன்றைய சம்பளம் போய்விட்டது. எடை குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்தது. அது சம்பளச் சபை வழியாக நடைமுறைக்கு வர 2021 மார்ச் ஆனது. அடுத்த ஆண்டே டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. பேசி முடித்த தொகையின் பெறுமதி, பேசி முடிப்பதற்குள்ளும் முடித்த கையோடும் கரைந்துவிட்டது. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டிலேயே சம்பளம் 1,350 ரூபாவில் நின்றது. கம்பனியால் காத்திருக்க முடிந்தது, தொழிலாளியால் முடியவில்லை. எண்கள் எப்படி மாறினாலும் இந்த வேறுபாடு மாறாதவரை பேரம் சமமாகாது.

ஆகவே நியாய விலை என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கிற ஓர் எண் இல்லை. இரண்டு பேரும் எழுந்து போகக்கூடிய நிலையில் இருந்துகொண்டு, போகாமல் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட விலைதான் நியாய விலை. அந்தச் சுதந்திரம் ஒருவருக்கு இல்லாதபோது, இருப்பவர்தான் இருவருக்குமாகச் சேர்த்து நியாயம் பார்க்க வேண்டும். சொந்தக் காணியும், வேலைநிறுத்தம் செய்தால் அடுப்பெரிய ஒரு சேமிப்பும், பலமான சங்கமும் மலையக மக்களுக்கு ஏன் வேண்டும் என்றால், அவைதான் ஒரு மனிதரை “மாட்டேன்” என்று சொல்ல வைக்கின்றன. அதைச் சொல்ல முடிந்த பிறகு அவர் சொல்கிற “சரி”க்குத்தான் பொருள் உண்டு.

நாளை உங்களிடம் ஒருவர் பழைய மெஷினைக் கொண்டுவந்து விலை சொல்லத் தயங்கி நின்றால், அவசரம் இல்லாத ஒருவரிடம் இதே மெஷினை என்ன விலைக்கு வாங்குவீர்களோ, அந்த விலையைச் சொல்லுங்கள். முழுக் காசையும் அன்றைக்கே கொடுங்கள். முடிந்தால், மெஷினை விற்க வேண்டாம், இந்தத் தொகையைக் கைமாற்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவர் பிழைப்பு அவரிடமே இருக்கட்டும்.