பக்கத்து வாத்தியத்தையும் கேளுங்கள்



இந்த வாரம் ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் ஃபியூஷன் என்று போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு பக்கம் மிருதங்கம், மறுபக்கம் டிரம்ஸ், நடுவில் கிட்டார், கீபோர்டு, வயலின். வாசித்த பிள்ளைகள் எல்லாருமே கெட்டிக்காரர்கள். அவரவர் பங்கை நன்றாகத் தயார் செய்திருந்தார்கள். ஆனால் டிரம்ஸ் ஓங்கியதும் மிருதங்கத் தம்பி தன் மைக்கைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினார். மிருதங்கத்தில் கோர்வை ஓடும்போது கிட்டார்க்காரர் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார். கோர்வை எந்த இடத்தில் வந்து விழும் என்று மற்ற நாலு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஜாஸையும் நம் இசையையும் இணைத்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டேன். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு அது. அந்த மேடையில் இருந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் இசைத்தட்டுகளில் வாசித்தவர். வயலின் எல்.சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி.லட்சுமிநாராயணாவின் மகன். தப்லா, மும்பையில் பிறந்து தந்தை அல்லா ரக்காவிடம் பஞ்சாப் பாணி கற்ற ஜாகிர் உசேன். கடம், நம் விக்கு விநாயக்ராம். மிருதங்கம், ராம்நாட் ராகவன். ஜாஸ், கர்நாடகம், இந்துஸ்தானி என்று மூன்று இசைமரபுகள் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தன.

இவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த கதை. 1970களின் தொடக்கத்தில் மெக்லாஃப்லின் பெரிய நட்சத்திரம். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற அவருடைய குழு, மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸுமாக அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் முழங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புகழோடு அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே கற்பித்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். ஊரே தன் கிட்டாருக்குக் கைதட்டும் நாளில், சரளி வரிசையிலிருந்து தொடங்க ஒரு மனம் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் சங்கர் ஆராய்ச்சி மாணவர். நட்பு அங்கேதான் வளர்ந்தது.

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால், தந்தியை இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். கமகம் பிறக்கிற இடம் அது. சாதாரணக் கிட்டாரில் அவ்வளவு இழுக்க முடியாது; விரல் மரத்தில் இடிக்கும். மெக்லாஃப்லின் என்ன செய்தார் தெரியுமா? கிப்சன் நிறுவனத்தின் மூலம் தனக்கென்று ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். மெட்டுகளுக்கு நடுவே உள்ள மரத்தைப் பிறை போலக் குடைந்து எடுத்தார்கள். வழக்கமான ஆறு தந்திகளுக்கு அடியில், குறுக்குச் சாய்வாக இன்னும் ஏழு தந்திகள் கட்டினார்கள். ராகத்துக்கு ஏற்ப அவற்றுக்குச் சுருதி கூட்டிக்கொள்ளலாம். மீட்டினால் தம்புரா போல நிறைந்து ஒலிக்கும். நம் இசையைக் கிட்டாருக்குள் எப்படியோ திணித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. இந்த இசைக்கு இடம் கொடுக்கும்படி தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய விட்டுக்கொடுத்தல் ஒன்று உண்டு. ஜாஸில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மாறிக்கொண்டே போகும்; அந்த மாற்றத்தின் மேல்தான் கற்பனை ஓடும். ராகத்திலோ ஆதார சட்ஜம் அசையாது. சக்தியில் மெக்லாஃப்லின் பெரும்பாலும் அந்தக் கார்டு மாற்றங்களை விட்டுவிட்டு, சட்ஜத்தின் மேலேயே தன் ஜாஸ் கற்பனையை ஓட்டினார். நம் பக்கத்திலும் பழைய வரிசைமுறை தளர்ந்தது. கச்சேரி மேடையில் கடம் உப பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். சக்தியில் அந்த மண்பானை கிட்டாருக்கும் வயலினுக்கும் சரிசமமாகப் பேசியது. வடக்கின் தப்லாவும் தெற்கின் கடமும் கேள்வியும் பதிலுமாக வாசிப்பது அந்நாளில் அபூர்வம்.

அந்த இசைத்தட்டில் ‘ஜாய்’ என்றொரு உருப்படி, சுமார் பதினெட்டு நிமிடம். கிட்டாரும் வயலினும் மின்னல் வேகத்தில் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பதைக் கேளுங்கள். எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. அடுத்தவரின் மூச்சைக் காதால் பிடித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இப்படி வாசிக்க வரும்.

மெக்லாஃப்லின் கற்பதை அத்தோடு நிறுத்தவில்லை. தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பயின்று, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து, மேலைநாட்டுக் கலைஞர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் டிவிடியே வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 82. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். சக்தியில் இவர்கள் தொடங்கிய நட்பு அரை நூற்றாண்டு நிலைத்தது.

இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கீபோர்டு, ஆறு மாதம் கிட்டார், கோடை விடுமுறையில் டிரம்ஸ் என்று வகுப்பு மாற்றுகிறோம். இந்தப் பரபரப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. சங்கருக்கு வயலின் ரத்தத்தில் ஊறியது. விநாயக்ராமுக்கு லயம் தந்தை ஹரிஹர சர்மா கொடுத்த சொத்து. தன் வித்தையில் இப்படி வேர் பிடித்தவர்களுக்குத்தான் அடுத்தவர் வித்தையைக் கண்டு பயமும் இல்லை, அலட்சியமும் இல்லை. வேர் பிடிக்காதவர்கள் கூடும்போது சத்தம் கூடுகிறது, இசை கூடுவதில்லை.

மேடையேறக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாத்தியத்தை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தில் உட்காரப்போகிறவரிடம் கொஞ்ச நாள் மாணவராக இருங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் ஆதி தாளம் போடப் பழகட்டும். மிருதங்கம் வாசிப்பவர் ஜாஸ் கேட்டுப் பழகட்டும். அதன் பிறகு ஒன்றாக உட்கார்ந்து வாசியுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.