மீட்பதும் புனைவதும்

இருளே பொருள்களை மறைக்கும் என்பது மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். ஒளியும் மறைக்கும் என்பதை நிழற்படக்கலை பயின்றோர் அறிவர். அளவுக்கு மிஞ்சிய வெயில் ஒருவர் முகத்தில் விழுந்தால், படத்தில் அம்முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெண்மையே எஞ்சுகிறது. அவ்வெண்மையை இன்று கணினியின் துணைகொண்டு நிரப்பிவிட முடிகிறது. முடிவதெல்லாம் முறையாகுமா என்பதே இங்கு எழும் வினா.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வீட்டு வாசலில் அனைவரும் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பேரனிடம் இருக்கிறது. நண்பகல் நேரம். மற்றவர் தாழ்வாரத்து நிழலில் நிற்க, பாட்டி மட்டும் ஓரத்தில் வெயிலில் நிற்கிறார். அவருடைய வெள்ளைச் சேலையும் வலக் கன்னமும் ஒன்றாய் வெளுத்துக் கிடக்கின்றன. அவர் உருவம் பதிந்த படம் வேறெதுவும் இல்லை. நினைவு நாளுக்குள் அதனைச் செப்பனிட்டு, பெரிதாக்கி, சட்டமிட்டு மாட்டவேண்டும் என்பது பேரனின் விருப்பம். அவ்விருப்பத்தில் குறை காண எவருக்கும் மனம் வராது.

ஆயினும், அவன் கையிலுள்ள கருவி என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். கணினியில் ஏற்றப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் வழக்கமாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகப் பதிவாகிறது. 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. ஓரிடத்தில் 240, 247, 251 என எண்கள் வேறுபடுமாயின், கண்ணுக்கு வெளுத்துத் தோன்றினும் அங்கே செய்தி ஒளிந்திருக்கிறது. ஒளியைத் தணித்து அவ்வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டினால் சேலையின் மடிப்பு வெளிப்படும். இது மீட்பு. எல்லாப் புள்ளிகளும் 255 ஆகிவிட்ட இடத்திலோ மீட்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஒளியைத் தணித்தால் வெண்மை சாம்பல் நிறமாகுமேயன்றிக் கன்னம் தோன்றாது.

அவ்விடத்தில் தொடங்குவது புனைவு. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருள், படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து மற்றொரு பகுதியில் பதிக்கும் வாய்ப்பைத் தந்தது. சுற்றியுள்ள பகுதிகளைக் கொண்டு வெற்றிடத்தைத் தானே நிரப்பும் வசதி 2010இல் அதில் சேர்ந்தது. 2023இல் செயற்கை நுண்ணறிவும் இணைந்தபின், இல்லாத கன்னத்தையே அது உருவாக்கித் தருகிறது. ஆனால், அது தருவது பாட்டியின் கன்னம் அன்று. எண்ணற்ற பிற படங்களைக் கண்டு கற்றுக்கொண்ட ஏதோ ஒரு கன்னம். பாட்டியின் வலக் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்திருக்குமானால், அதனைக் கணினி அறியாது. தழும்பற்ற முகத்தைச் சட்டத்தில் காணும் மகள், "அம்மாவைப் போல இருக்கிறது, அம்மா இல்லை" என்றுதான் சொல்லக்கூடும்.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே கூறவில்லையா எனச் சிலர் கேட்கலாம். குடும்பம் மகிழ்கிறது; எவருக்கும் தீங்கில்லை; பின் என்ன தடை என்பது அவர்தம் வாதம். 'குற்றமற்ற' என்னும் சொல்லை ஊன்றி நோக்கினால் தடை விளங்கும். இன்றிருப்போர் பாட்டியை நேரில் கண்டவர்கள். படம் பொய்த்தாலும் அவர்கள் நினைவு பொய்க்காது. நாளை பிறக்கும் குழந்தைக்கோ அப்படமே பாட்டி. தன் மூதாதையின் முகம் என்று அது நம்பிப் போற்றுவது வேறு எவருடைய முகமோ ஆகிவிடும். அன்பின் பெயரால் செய்யப்பட்டாலும், மறைத்துச் செய்யப்படுவது குற்றமே.

இச்சிக்கலைத் தமிழ் முன்பே சந்தித்திருக்கிறது. செல்லரித்த ஏடுகளோடு போராடிய உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். அதன் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. 1904இல் அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்திலும் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. சங்க நடையில் தோய்ந்த அப்பேரறிஞருக்கு நாலு அடிகளை எழுதி நிரப்புவது அரிய செயலன்று. எனினும், இல்லாததை இல்லையென்றே விட்டார். சிதைந்த இடங்களைப் புள்ளிகளோடு காணும் மாணவன், எஞ்சிய அடிகள் புலவருடையவை என்று அதனாலேயே ஐயமின்றி நம்புகிறான்.

நிரப்பவே கூடாது என்பது இதன் பொருளன்று. ரோம் நகரின் மத்தியச் சீரமைப்புக் கழகத்தில், சேசரே பிராந்தியின் தலைமையில், 1940களில் ஒரு முறை வகுக்கப்பட்டது. பழைய ஓவியத்தின் அழிந்த இடங்களை மெல்லிய நேர்கோடுகளால் நிரப்புவது அம்முறை. எட்டி நின்று பார்ப்பவர்க்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். அருகில் வருபவர்க்கு எது பழையது, எது பின்னர்ச் சேர்ந்தது என்பது தெரியும். கண்ணுக்கும் நிறைவு, உண்மைக்கும் ஊறில்லை.

பேரனுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. முதலில் அவன் பழைய பெட்டிகளில் நெகட்டிவைத் தேடவேண்டும். மிகையொளி பட்ட இடம் நெகட்டிவில் அடர்ந்த கருமையாக இருக்கும். தாளில் காணாமற்போன விவரம் அக்கருமைக்குள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அது கிடைக்காவிடில், முதியோரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் தழும்போடு கன்னத்தை வரையலாம். மூலப்படத்தைத் திருத்தாமல் தனியே காத்து, வரைந்த படத்தின் பின்புறத்தில், 'வலக் கன்னம் மகளின் நினைவிலிருந்து வரையப்பட்டது' என்று எழுதிவைக்கவேண்டும். படத்தைத் திருப்பிப் பார்க்கும் கொள்ளுப்பேத்தி, பாட்டியின் முகத்தில் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை அறிந்துகொள்வாள். அதனை நினைவில் வைத்துச் சொன்ன மகள் ஒருத்தி இருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியவரும்.