கடைசி இடத்து அணியின் ரசிகர்

பினாங்கு காற்பந்து அணி மலேசியக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1974இல். ஆட்ட நாளன்று சூலியா தெருவில் நாசி கண்டார் சாப்பாட்டோடு மாலையைத் தொடங்கி நகர அரங்குக்குப் போகும் ரசிகருக்குத் தோல்வி புதிதல்ல. ஆனால் 2016 பிப்ரவரி 16 அன்று அதே அரங்கில், பகாங்குக்கு எதிராகப் பினாங்கு வீரர் முகமது ஃபாயிஸ் சுப்ரி வெகுதூரத்திலிருந்து உதைத்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டி மறுபக்கம் வளைந்து வலைக்குள் இறங்கியது. கோல்காவலர் ஏமாந்ததில் வியப்பில்லை. அந்தக் கோலுக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது 2017 ஜனவரியில் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அணி சூப்பர் லீக்கிலிருந்து இறக்கப்பட்டது. 2020இல் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு மீண்டது. 2021இல் மூன்றாம் இடம், 2022இல் கடைசி இடம்.