ட்ரம்பெட் போன வழி

பம்பாய் தாஜ் ஹோட்டலில் ட்ரம்பெட்டில் ஜாஸ் வாசித்த கோவாக்காரர் சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவின் இந்தித் திரையிசைக்கு வந்தார். 1951இல் வெளியான 'அல்பேலா' படப் பாட்டுகளில் அந்த ஜாஸ் துள்ளல் இன்றும் கேட்கிறது. தரம் தாழ்ந்தாரா? இல்லவே இல்லை. அந்த ஹோட்டல் வாசலை மிதிக்கவே முடியாதவர்களின் காதுக்கும் அவர் இசை போனது சினிமாவால்தான். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியபோது, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி அதைக் கடல் கடந்தும் ஒலிக்கவிட்டது.

அப்படியிருக்க, இலங்கையில் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் தப்பு அடித்து வளர்ந்த பிள்ளை, கீபோர்டு பழகிக் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசித்தால், "மரபை விட்டுட்டான்" என்று பேசுகிறோம். பேசாதீர்கள். தோட்டத்துக் கோயில் கமிட்டி அவனுக்கு ஒரு நல்ல கீபோர்டு வாங்கித் தரட்டும்.